கண்மாய் நனைக்காத ஊர்

செங்கமாரிக் கண்மாய் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்த அந்த ஐப்பசியில், ஊரே திரண்டுபோய் முங்கி எழுந்து, ஊரே ஒரு சொட்டு ஈரமில்லாமல் கரையேறியது. இதைச் சொன்னால் பக்கத்து ஊர்க்காரன் இன்றைக்கும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், அவன் நம்பவில்லை என்று கண்மாய் வற்றிவிடவா போகிறது? ஆனால் கதை முங்கியதில் தொடங்கவில்லை. அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால், கையில் அட்டையும் கழுத்தில் அடையாளச் சீட்டுமாக ஒரு மேடம் வந்து, வீடு வீடாக ஏறி இறங்கி, செங்கமாரியில் யாரும் யாரிடமும் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டதில் தொடங்குகிறது.

"கண்மாய் பழையபடி ஆகணும்னா, அதுக்கு உங்க வீட்டுல இருந்து எவ்வளவு குடுக்க உங்களுக்கு மனசு இருக்கு?"

அப்போது கண்மாய் என்று காட்ட அங்கே கரை மட்டும்தான் இருந்தது. உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக்கிடந்தது; ஆடு நுழைந்தால் ஆட்டைத் தேட ஆள் நுழைய வேண்டும், ஆள் நுழைந்தால் ஆளைத் தேட ஊர் நுழைய வேண்டும். நடுவே பதினோரு வருஷமாய் லாரிகள் சவுடு மண் அள்ளிப் பறித்த பள்ளங்கள், பள்ளங்களுக்குள் பண்ணையிலிருந்து கொண்டுவந்து கொட்டிய செத்த கோழிகள், அவற்றின் மேல் பச்சையாய் ஒரு படலம், படலத்துக்கு மேல் ஈ. சவுடு விற்றவர் ஊர்ப் பெரியதனம் பூமிநாதன். கோழிப்பண்ணை அவருடைய மச்சினனுடையது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்கிற வழக்கம் மட்டும் ஊரில் கிடையாது.

வெளியூர் நிறுவனம் ஒன்று இரண்டு பங்கு போடும், ஊர் ஒரு பங்கு போட வேண்டும், அந்த ஒரு பங்குக்கு ஊருக்கு மனசு இருக்கிறதா என்று பார்த்துவரத்தான் மேடத்தை அனுப்பியிருந்தார்கள். மேலத்தெருவும் நடுத்தெருவும் மேடத்துக்குக் காப்பி கொடுத்து, நாற்காலி போட்டு, காற்றாடியைச் சுழலவிட்டு, "ஆயிரம்னு போட்டுக்கங்க", "எங்களுக்கு ரெண்டாயிரமாப் போடுங்க", "கண்மாய்க்குக் குடுக்காம வேற எதுக்குங்க குடுக்கப்போறோம்" என்று வாரி வழங்கின. தாளில் எழுதிக்கொள்ளச் சொல்வதற்கு நம் சனம் என்றைக்குக் கஞ்சப்பட்டிருக்கிறது? மேடமும் வெயிலில் முகம் சிவக்கச் சிவக்க எழுதிக்கொண்டே, கடைசியாகக் கீழ்த்தெருவுக்கு வந்து சேர்ந்தார்.

கீழ்த்தெரு என்பது பதினேழு வீடு. முதல் வீடு ராக்குவுடையது. ராக்குவுக்கு நாற்பத்தாறு வயது, எட்டாம் வகுப்பு வரை படிப்பு, ஆடு மேய்க்கிற சேவுகன் என்றொரு புருஷன், மூன்றாம் மடைக்குக் கீழே அறுபது சென்ட் நிலம். அந்த நிலத்தை அவளுடைய மாமனார் செங்கல் சூளையில் முதுகு வெந்து வாங்கினார். பட்டா உண்டு, வரப்பு உண்டு, பக்கத்திலேயே வாய்க்காலும் உண்டு. தண்ணீர் முறை மட்டும் கிடையாது. ஏனென்றால் செங்கமாரியில் மடைத் தண்ணீருக்கு முறை கேட்கிற பாத்தியதை, தலைக்கட்டு வரி கொடுக்கிற குடும்பத்துக்கு மட்டும்தான். கோயில் கொடை என்றாலும் கண்மாய் மராமத்து என்றாலும் வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு என்று கணக்கிட்டு வரி வாங்கி நோட்டில் பெயர் எழுதுவார்கள். நோட்டில் பெயர் இருந்தால் ஊர்க்காரர், இல்லாவிட்டால் ஊரில் இருக்கிறவர், அவ்வளவுதான். கீழ்த்தெருவிடம் எந்தக் காலத்திலும் வரி வாங்கியதில்லை. ஏழைகள் என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டதாக மேலத்தெருவில் சொல்லிக்கொள்வார்கள். நாசமாய்ப் போக, அது இரக்கமில்லை என்று கீழ்த்தெருவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

மேடம் கேள்வியைக் கேட்டதும் ராக்கு அதைத் திருப்பி ஒருமுறை கேட்டாள்.

"குடுக்க மனசு இருக்கான்னா கேக்குறீங்க?"

"ஆமாம்மா."

"எங்களுக்கு இருக்கு. வாங்க மனசு இருக்கான்னு அவுகளக் கேட்டீங்களா?"

மேடத்தின் பேனா நின்றது. கேள்விப் பாரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அதுக்கு இதுல இடம் இல்லம்மா" என்றார்.

"அப்ப நீங்க கேக்குறது பாதிக் கேள்விதான்" என்றாள் ராக்கு. மேடம் நல்லவர்தான், ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

தாளில் எழுதியது நிஜமாகிற நாள் வந்தது. மந்தையில் கூட்டம் போட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பூமிநாதன் அறிவித்ததும், ஆயிரம் இரண்டாயிரம் என்று அளந்த வாய்களெல்லாம் என்னமாய்ப் புலம்பின என்கிறீர்கள்! ஒருவருக்கு மகள் பேறுகாலம், ஒருவருக்கு மாட்டுக்கு முடியவில்லை, ஒருவர் இதெல்லாம் சர்க்கார் செய்ய வேண்டிய வேலை என்றார், ஒருவர் தன் வயல் கடைமடை, தண்ணீர் வந்து சேர்வதற்குள் தான் செத்துப்போய்விடுவதாகச் சொன்னார். பூமிநாதன் தன் பங்குக்குப் பணம் தராமல் மண் அள்ளும் எந்திரத்தை விடுவதாகச் சொன்னார்; அதற்கு ஈடாக, வெட்டுகிற கருவேல மரமெல்லாம் அவருடைய கரிமூட்டத்துக்குப் போகும் என்பதைச் சொல்லவில்லை. முனகி, முக்கி, சபித்து, ஊர் பணத்தைக் கட்டியது. கட்டின பணத்தில் ஒரு ரூபாய்கூட மனசோடு வந்ததில்லை.

அந்தக் கூட்டத்துக்குத்தான் ராக்கு பதினேழு வீட்டு வரியையும் ஒரு மஞ்சள் பையில் கொண்டுபோனாள். அவள் வீட்டில் இரண்டு குட்டிகளை விற்றிருந்தார்கள். சேவுகன் வழியெல்லாம், "வேணாம்டி, அசிங்கப்பட்டு வரப்போறோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். வரி நோட்டுடன் உட்கார்ந்திருந்த காரியதரிசி தவசி, பையைப் பார்த்துவிட்டுப் பூமிநாதனைப் பார்த்தான்.

"ஏத்தா ராக்கு, உங்க தெருவுக்கு வரி வழக்கமில்லன்னு தெரியாதா ஒனக்கு?" என்றார் பூமிநாதன்.

"தெரியும்யா. அதான் ஆரம்பிச்சு வைக்கலாம்னு வந்தோம்."

"இன்னைக்கு வரின்னு வாங்குனா, நாளைக்கு வந்து மடையில முறை கேப்பீக."

"கேப்போம்தான்யா. குடுத்தவுக கேக்குறதுதான?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பூமிநாதன் சிரிக்கவில்லை. "எடுத்துக்கிட்டுப் போத்தா. கண்மாய் வேலைக்கு ஆளு வேணும், தெருவோட வாங்க. கூலி குடுக்குறோம்" என்றார், பெரிய உபகாரம் செய்கிறவர் போல. பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் காசு பத்தவில்லை, காசு பத்தவில்லை என்று அதே வாய் அடித்துக்கொண்டது. திரும்பி நடக்கும்போது ராக்குவுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது, அவ்வளவுதான். பிச்சை கேட்டு இல்லை என்று சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம், கொடுக்கப் போய் வேண்டாம் என்று விரட்டப்படுவதை எதில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

எந்திரம் மரத்தைப் பிடுங்கியது, ஆட்கள் வேரைத் தோண்டினார்கள், கோழி எலும்பை வாரிக் கொளுத்தினார்கள், மண்ணைக் கூடை கூடையாய்ச் சுமந்து கரையில் போட்டார்கள். சுமந்தது முழுக்கக் கீழ்த்தெருதான். ஒரு நாளைக்கு இத்தனை கூடை, இவ்வளவு கூலி என்று கங்காணி எண்ணிக்கொண்டிருப்பான். எண்ணி முடித்து அவன் பீடி பற்றவைக்கப் போனதும், ராக்கு இன்னொரு கூடை மண்ணை வெட்டித் தலையில் ஏற்றிக்கொண்டுபோய்க் கரையில் கொட்டுவாள். "இது வரி" என்பாள். முதல் நாள் அவள் மட்டும். மறுநாள் சேவுகன், அதற்கு மறுநாள் தெருவே. மூன்று மாதம், நாள் தவறாமல், ஆளுக்கு ஒரு கூடை, கூலிக்கு மேலே, யாரும் கேட்காதது, யாரும் எழுதாதது, யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாதது. மண் மண்ணோடு கலந்துவிட்டால் அதில் எது யார் கொட்டியது என்று எந்தப் பெரியதனம் பிரித்தெடுக்க முடியும்?

ஐப்பசியில் மழை பிடித்தது. கண்மாய் நிரம்பி மறுகால் விழுந்த சத்தம் ஊருக்குள் கேட்டது. வழக்கப்படி தாம்பாளத்தில் தேங்காய் பழம் பூ வைத்து, கொட்டு மேளத்தோடு போய், பெரியதனம் முதல் முங்கு முங்கினார். மூன்று தடவை முங்கி எழுந்தார். கஞ்சி போட்ட வேட்டி மொடமொடவென்று இருந்தது. நெற்றியில் திருநீறு பூசினது பூசினபடி, சட்டைப்பையில் பீடிக்கட்டு கலையாமல். சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீர் உருண்டு ஓடுமே, அதுபோல் அவர்மேல் பட்டதெல்லாம் உருண்டு கண்மாய்க்கே போய்ச் சேர்ந்தது. அவர் ஒன்றும் நடக்காதது போல் கரையேறினார். அவருக்குப் பின்னால் முங்கியவர்களும் அப்படியே எழுந்தார்கள். ஆண்கள், பெண்கள், வரி கொடுத்த முந்நூற்றுச் சொச்சம் தலைக்கட்டு, காரியதரிசி தவசி, கோழிப்பண்ணை மச்சினன், ஒருவர் பாக்கியில்லை. மாடுகள் நனைந்தன. பால்குடிப் பிள்ளைகள் நனைந்தன. தாய்மார்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவசர அவசரமாக முந்தானையால் துடைத்தார்கள்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி ஊர் வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

அன்று வெயில் தாழ்ந்து கீழ்த்தெரு பெண்கள் மறுகால் ஓரமாய்த் துணி அலசப் போனார்கள். ராக்கு தண்ணீரில் காலை வைத்தாள். குளிர்ச்சி முழங்கால் வரை ஏறியது. புடவை நனைந்து காலோடு ஒட்டியது. அவள் அப்படியே உட்கார்ந்து, கழுத்து வரை அமிழ்ந்து, பிள்ளை பெற்ற நாளில்கூட அழாதவள் வாய்விட்டு அழுதாள். கூடையை யாரும் எண்ணவில்லை என்றுதானே நினைத்திருந்தாள்.

இப்படி ஓர் அதிசயம் நடந்தால் ஊர் திருந்திவிடும் என்றா நினைக்கிறீர்கள்? நம் சனத்தை உங்களுக்குத் தெரியவில்லை. முதல் வாரம் பூசாரியைக் கேட்டார்கள், கிடா வெட்டினார்கள். இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மூன்றாம் வாரம் அது பெருமையாகிவிட்டது. நனையாதிருப்பதுதான் கௌரவம், நனைகிறது கீழ்த்தெருவின் லட்சணம் என்று பேச்சு கிளம்பி, தை பிறப்பதற்குள் அது ஆதிகாலத்து வழக்கம் போலவே ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பேச்சுவாக்கில் கண்மாய்ப் பக்கம் கூட்டிப்போய் காலை நனைக்கச் சொன்னார்கள். உள்ளங்கால் ஈரமாகிவிட்ட ஒரு வாத்தியார் பையனை, அவன் குலத்தில் எங்கோ கலப்பு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கல்யாணப் பத்திரிகையில் 'நனையாத குடும்பம்' என்று அச்சடித்தார்கள்.

ஆனால் குடித்தால் தாகம் தீரவேண்டுமே. அது தீரவில்லை, கண்மாய்த் தண்ணீர் நாக்கைத் தொடாமல் உருண்டு போனது. அதற்கும் வழி கண்டார்கள். நாள்தோறும் வெளியூரிலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது, குடம் இவ்வளவு என்று. வரிக்கு அழுத அதே கைகள் லாரிக்காரனுக்கு மாதம் அதைப்போல் மூன்று மடங்கு நீட்டின, ஒரு முனகல் இல்லாமல், வரிசையில் சிரித்துப் பேசிக்கொண்டே, நிரம்பித் ததும்புகிற கண்மாயின் கரையில் நின்றபடியே. நடுவில் அந்த மேடம் இன்னொரு பாரத்தோடு வந்து, சீரமைப்பு திருப்தியா என்று கேட்டார். ரொம்பத் திருப்தி என்று ஊர் ஒரே குரலில் சொன்னது. அதையும் எழுதிக்கொண்டு போனார்.

ஏமாற்ற முடியாமல் போனது வயல் மட்டும்தான். மழை ஈரத்தில் நடவு முடித்து, மழை ஓய்ந்ததும் மடையைத் திறந்தார்கள், தண்ணீர் முழங்கால் அளவு நின்றது, நின்ற தண்ணீருக்கு அடியில் மண் புழுதியாய்க் கிடந்தது. முந்நூறு ஏக்கர் நாற்று, தண்ணீருக்குள் நின்றுகொண்டே தாகத்தில் தலை தொங்கியது. ராக்கு முறை இல்லாதவள், மறுகாலிலிருந்து குடம் குடமாய்ச் சுமந்து தன் அறுபது சென்ட்டுக்கு ஊற்றினாள். அவள் நாற்று கரும்பச்சையாய் எழும்பியது. அவள் நடந்து போகிற வழி பூமிநாதனின் வயல் வரப்பு. இடுப்புக் குடம் தளும்பிச் சிந்திய இடத்திலெல்லாம், அவருடைய வயலில், தட்டு அகலத்துக்குத் தட்டு அகலம், வரிசையாய்ப் பச்சை பிடித்திருந்தது. அதைப் பூமிநாதன் குனிந்து பார்த்தார். மண்ணைத் தொட்டார். மறுநாள் காலையில் கீழ்த்தெருவுக்கு வந்தார், அவர் பரம்பரையில் அந்தத் தெருவுக்குள் நடந்துவந்த முதல் ஆள்.

"தாயி, ஒன் கொடத்துத் தண்ணி நனைக்கிது, ஒன் தெரு ஆளுக மடையில கை வச்சா மடைத் தண்ணியும் நனைக்கும். தெனம் வந்து மடையத் தெறந்து விடுங்க. இரட்டைக் கூலி தாரோம்."

"கூலி வேணாம்யா. வரிய வாங்குங்க. பதினேழு வீட்டுப் பேரையும் நோட்டுல எழுதுங்க. மூணாம் மடையில முறை குடுங்க. அம்புட்டுத்தான்."

"அது மட்டும் கேக்காதத்தா. மத்தத எதுன்னாலும் கேளு."

"மத்தது எதுவும் எங்களுக்கு வேணாமே."

ஊர் கூடி நான்கு நாள் பேசியது. ஐந்தாம் நாள் பெயரை எழுதிவிட்டோம், வந்து பார்த்துக்கொள் என்று ஆள் வந்தது. ராக்கு தெருவோடு மந்தைக்குப் போனாள். தவசி நோட்டை விரித்தான். பதினேழு பெயரும் இருந்தன, அழகான கையெழுத்து. எட்டாம் வகுப்பு படித்தவள், பெயர்களுக்கு மேலே இருந்த தலைப்பையும் படித்தாள். 'வெளியார் நன்கொடை' என்றிருந்தது.

"நாங்க வெளியாரா?" என்றாள்.

"பேரு இருக்குல்ல" என்றார் பூமிநாதன்.

"இதுக்கு முறை உண்டாய்யா?"

"நன்கொடைக்கு எப்படித்தா முறை? ஏதோ ஒத்துமையாப் போவோம்னு..."

அவள் முழுதும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் மண்வெட்டியை எடுத்தாள். பட்டப்பகலில், ஊர் பார்க்க, மூன்றாம் மடை வாய்க்காலின் கரையைத் தன் அறுபது சென்ட்டுக்கு நேரே வெட்டினாள். சேவுகன் ஆடுகளை விட்டுவிட்டு ஓடிவந்து, மறுபக்கத்திலிருந்து வெட்டத் தொடங்கினான். பதினேழு வீடும் மண்வெட்டியோடு வந்து வரப்பில் நின்றது. தண்ணீர் திரும்பியது.

ஊர் கம்போடு வந்தது. தங்களை நனைக்காத தண்ணீர், தங்கள் பயிருக்கு ஆகாத தண்ணீர், ஆனாலும் முறை இல்லாதவள் எடுக்கக் கூடாதாம், அதற்காக முந்நூறு பேர் ஓடிவந்தார்கள். அடிக்க ஓங்கிய கம்பைப் பூமிநாதனே பிடித்துக்கொண்டார். அந்தக் கை ஒடிந்தால் மடை திறக்க யார் வருவார்கள்? "அடைங்கடா" என்றார். இளவட்டங்கள் வாய்க்காலில் குதித்து வெட்டின இடத்தை அடைத்தார்கள். அள்ளிய மண் அவர்கள் கையில் சேறாகாமல் புழுதியாகவே உதிர்ந்தது. உடம்பைக் குறுக்கே போட்டுப் படுத்தார்கள். நனைக்காத தண்ணீர், நிற்குமா? அவர்களுடைய நெஞ்சையும் தோளையும் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு, அவர்கள் அங்கே இல்லவே இல்லை என்பது போல ஓடி, ராக்குவின் வயலில் இறங்கியது. ராக்கு கணுக்கால் சேற்றில் நின்று அதைப் பார்த்தாள்.

பூமிநாதன் மடியிலிருந்து பணத்தை எடுத்தார். "எவ்வளவு வேணும்னு சொல்லுத்தா. ஊரு குடுக்கும்."

"பேர எழுதுங்க. சரியான எடத்துல எழுதுங்க. இப்பவே வந்து மடையில கை வைக்கிறோம், முந்நூறு ஏக்கரும் பொழைச்சுக்கும்" என்றாள். "இப்ப எழுதுனாக்கூட நேரம் இருக்கு."

அவர் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். தவசி நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான், பேனா அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் ரோட்டில் தண்ணீர் லாரியின் ஆரன் சத்தம் கேட்டது. ஒருவர் ஒருவராகக் குடம் எடுக்கப் போனார்கள்.

மாசி முடிவதற்குள், முந்நூறு ஏக்கரும் முழங்கால் தண்ணீரில் நின்றபடியே சருகானது. நகை அடகுக்குப் போனது, உழவு மாடு சந்தைக்குப் போனது, பிள்ளைகள் பிழைக்க வெளியூர் பஸ் ஏறினார்கள். நோட்டில் பதினேழு பெயரைச் சேர்த்திருந்தால் இதில் ஒன்றும் போயிருக்காது, அது அவர்களுக்கும் தெரியும். கண்மாய்க்கு முனகிய ஊர் இதற்கு முனகவில்லை.

ராக்கு தன் அறுபது சென்ட்டை அறுத்துக்கொண்டிருந்தாள். கருகின வயல்களுக்கு நடுவே பூமிநாதனும் நாலு பேரும் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அரிவாளைத் தாழ்த்திவிட்டு நிமிர்ந்தாள்.

"இம்புட்டையும் குடுக்க மனசு இருந்திருக்கேடா ஒங்களுக்கு" என்றாள், ஊருக்கே கேட்கும்படி, "எங்க பேர எழுதாம இருக்குறதுக்கு."